இரண்டு வீட்டுப் பச்சை விளக்கு

அத்தியாயம் 5

"காணாமப் போனவன் தெனமும் லைட்டு போட்டுக் காட்டுறானாம் மேடம். என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு மரியாதையான ஆளைப் பாத்ததே இல்ல" என்றார் கவியரசன்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த துப்பறியும் இளமதி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் கவியரசன் விடுவதும் இல்லை. மினிபஸ் கண்டக்டராகப் பாதி ஆயுளைக் கழித்து, முதலாளியோடு சண்டை போட்டு இறங்கி, அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். டிக்கெட் பையைத்தான் திருப்பிக் கொடுத்தார், வாயைக் கொடுக்கவில்லை.

"ஒளிஞ்சிருக்கிறவன் பச்சை விளக்கு போடுவானாண்ணே?" என்று கேட்டாள் இளமதி.

"நானா இருந்தா செவப்புதான் போடுவேன். கடன்காரன் கிட்ட வரமாட்டான்."

விஷயம் இதுதான். புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கேபிள் இழுத்து அதிவேக இன்டர்நெட் கொடுக்கும் குணசேகரன் அன்று காலை ஆபீசுக்கு வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். அவருடைய வலையை வடிவமைத்தவன் வெற்றிசெல்வன். நடுவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை உட்கார வைத்து எல்லாவற்றையும் அதனிடமே கேட்கிற வழக்கத்தை அவன் ஒழித்துவிட்டான். ஊருக்கு ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்து ஊர்ப் பெட்டியோடு மட்டும் பேசும். யார் இணைப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த வழியாகத் தகவலை அனுப்புவது என்று தங்களுக்குள்ளேயே கலந்து, கண் சிமிட்டுவதற்குள் முடிவெடுத்துவிடும். குறைவாகப் பேச வேண்டும், வேகமாக முடிக்க வேண்டும் என்பதுதான் அவன் போட்ட கணக்கின் அழகு. தலைவரே இல்லாத பஞ்சாயத்து என்று கவியரசன் அதற்குப் பெயர் வைத்தார்.

போன ஐப்பசிக் கடைசியில் அந்தக் கணக்கைப் பெரிய ஆட்களுக்கு விளக்கிக் காட்டச் சென்னைக்குப் போன வெற்றிசெல்வன் திரும்பி வரவில்லை. அங்கிருந்தே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் அப்பா சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். ஆனால் சித்திரையிலிருந்து அன்னவாசலுக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவே லைன் மூச்சுத் திணறுகிறது. அந்த இரண்டு ஊர்ப் பெட்டிகள் மட்டும், வெற்றியின் கம்ப்யூட்டர் எங்களோடு இணைப்பில் இருக்கிறது என்று பச்சை விளக்கை எரியவிட்டுச் சாதிக்கின்றன.

"சிங்கப்பூராவது ஒண்ணாவது! இங்கிட்டுத்தான் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு என் லைனை உறிஞ்சுறான். நாளைக்குள்ள ஆளைக் காட்டலைன்னா திருட்டு கேஸ் குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார் குணசேகரன்.

கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒற்றைப் பிள்ளையைப் பெற்ற ஒரு தகப்பன் என்று இரண்டு பேர் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் இருந்தால் திருடனாகக் கிடைப்பான். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை இளமதி வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் சிரிக்கவில்லை என்பது கவியரசனுக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்னவாசலில் ஆடிக் காற்று தெருப் புழுதியை அள்ளி வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் வெற்றிசெல்வனின் மனைவி சத்யா. அவளும் இன்ஜினியர்தான். அவனோடு ஒரே கல்லூரியில் படித்து, அந்தக் கணக்கில் பாதியை அவனோடு உட்கார்ந்து எழுதியவள்.

"வாங்க, உக்காருங்க. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்காங்க. பாப்பா இப்பத்தான் தூங்குனா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது பெட்டி. முகப்பில் உள்ளங்கை அளவுத் திரை, அதன் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு.

"பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவ, இங்கயே இருந்துட்டேன். இந்த ஊர்ப் பெட்டியை இங்கயும், குன்றாண்டார்கோவில் பெட்டியை மாமா வீட்டுலயும் அவருதான் வச்சாரு. பெட்டியைப் பாத்துக்கிற ஆளு சொந்த ஆளா இருக்கணும்பாரு."

"உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்பப் பேசுனாரு?"

"மாமாகிட்டப் பேசுவாரு. நம்பரை மாத்திட்டாரு, அவரா கூப்புடுறதுதான்." தொட்டிலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் சட்டையை நீவிவிட்டாள்.

"உங்ககிட்ட?"

"லைட் எரியுது பாருங்க. பேசலைன்னா என்னங்க, இருக்காருல்ல."

இளமதி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அறை கனத்துப் போனால் அதைத் தூக்கி நிறுத்துவது தன் வேலை என்று கவியரசனுக்கு நினைப்பு. சத்யாவின் கையைப் பார்த்தவர், "என்னங்க, பாப்பா வளையலை அம்மா பிடுங்கிப் போட்டுக்கிட்டீங்க?" என்றார்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "என் கை அம்புட்டுத்தாங்க. வளையக் கடையில சின்னப்புள்ளைக செட்டுதான் எனக்குச் சேரும். அவரு இதைச் சொல்லியே கேலி பண்ணுவாரு. வளைகாப்புக்கு நானே தேடி வாங்கிட்டு வாரேன்னாரு." சிரிப்பு அப்படியே கரைந்தது. "வளைகாப்புக்கே வரல."

"மாமா வந்து பாப்பாவைப் பாக்குறாரா?" என்று இளமதி பேச்சை மாற்றினாள்.

"வாரம் தவறாம வருவாரு. மொதல்ல ஆளே ஒரு மாதிரி இருந்தாரு. பொங்கல் வைக்கல. மாசியில பாப்பாவை மொத மொத கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனோம், உள்ள வராம வெளியிலயே நின்னுட்டாரு. மகன் பக்கத்துல இல்லாத கவலைன்னு விட்டுட்டேன். இப்ப தேவலாம். போன மாசம் அவரே பாப்பாவைத் தூக்கிட்டுப் போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்தாரு."

கிளம்பும் முன் இளமதி பெட்டியின் திரையைப் பார்த்தாள். *வெற்றி: இருக்கிறார். வழி: குன்றாண்டார்கோவில்.*

"முடிஞ்சது மேடம். ஆளு அப்பா வீட்டுப் பரண்ல கால் நீட்டிப் படுத்துருக்கான்" என்றார் கவியரசன், காரில் ஏறியதும்.

வெற்றிசெல்வனின் அப்பா குழந்தைசாமி கடலைச் செடி ஆய்ந்துகொண்டிருந்தார். விருந்தாளி வந்ததுபோல் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தட்டிப் போட்டார். கவியரசன் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். பரணில் ஒரு பழைய மின்விசிறியும் வெங்காயமும்தான் இருந்தன.

"மகன் விஷயமாவா? நல்லாருக்கான். மருமககிட்ட இந்த மெஷின்லயே பேசுறான். நம்மகிட்ட எங்க பேசப் போறாக வயசுப் புள்ளைக" என்றார் குழந்தைசாமி.

"உங்ககிட்டப் பேசுறதா அவங்க சொன்னாங்களே ஐயா?"

"அது..." கிழவர் கடலையைக் கையில் உருட்டினார். "அது முன்ன பேசுனான்."

டி.வி. பக்கத்தில் இருந்த பெட்டியிலும் அதே பச்சை விளக்கு. திரையில் எழுத்து: *வெற்றி: இருக்கிறார். வழி: அன்னவாசல்.*

இருவரும் வெளியே வந்தார்கள். கவியரசனுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"எங்க பஸ்ல இப்பிடித்தான் மேடம், ஒரு மூட்டை. அன்னவாசல்ல கேட்டா, 'அந்தாளு குன்றாண்டார்கோவில்ல நிப்பாரு, குடுத்துருங்க'ம்பான். இங்க வந்தா, 'அவரு அன்னவாசல்லல்ல வாங்கிக்குவாரு'ம்பான். டிக்கெட்டே எடுக்காம அந்த மூட்டை ஊரைச் சுத்துச்சு. கடைசியில விசாரிச்சா, அப்பிடி ஒரு ஆளே..."

சொல்ல வந்ததை முடிக்காமல் நின்றுவிட்டார். தன் நகைச்சுவையைக் கண்டு தானே பயந்தது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணே" என்றாள் இளமதி.

"வேணாம் மேடம்."

அவளே குணசேகரனுக்கு ஃபோன் போட்டாள். "ரெண்டு பெட்டி மாத்தி மாத்தி ஒண்ணை ஒண்ணு கை காட்டிக்கிட்டு நிக்குது சார். வெற்றிக்குப் போகவேண்டிய தகவலெல்லாம் இதுக்கும் அதுக்குமாச் சுத்துது. லைன் திணறுறது அதனாலதான். இப்பிடி நடக்கும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாமயா! அதுக்குன்னே ஒரு விதி போட்டானே. யாருகிட்ட இருந்து ஒரு சேதி வந்துச்சோ, அவங்ககிட்டயே அதைத் திருப்பிச் சொல்லக் கூடாதுன்னு. லைன் வேகமா இருந்தா பொய்யும் வேகமா ஓடும் சார்னு எனக்கு கிளாஸே எடுத்தான்."

"அந்த விதி இந்த ரெண்டு பெட்டியிலயும் இருக்கான்னு பாருங்க."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டுலயும் எடுத்துருக்காங்க மேடம்! அவனையும் அவன் பொண்டாட்டியையும் தவிர யாருக்கும் அதுல கை வைக்கத் தெரியாது. பாத்தீங்களா, நான் சொல்லல? அவன்தான்!"

இளமதி இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கிழவரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, மாசியில கோயிலுக்கு வெளிய நின்னவரு போன மாசம் உள்ள போயிருக்கீங்க. யாருக்காக வெளிய நின்னீங்க?"

சாவு விழுந்த வீட்டில் பொங்கல் வைப்பதில்லை. வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிப்பதில்லை. இது கவியரசனுக்கும் தெரியும். சத்யா சொன்னபோது அவர் காதில் விழுந்ததுதான். விழுந்தும் அவர் வளையலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

குழந்தைசாமி கையிலிருந்த கடலையைக் கூடையில் போட்டார். பிறகு, யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று காத்திருந்தவர்போலப் பேசத் தொடங்கினார்.

"கார்த்திகையில, சென்னையில இருந்து வந்த ஒரு பஸ்ஸு ரோட்டுல எரிஞ்சு போச்சுங்க. போலீஸ்காரங்க என்னைய வரச் சொன்னாக. மொகம் இல்ல. ஐம்பொன் மோதிரத்தைக் காட்டுனாக. எம்மகன் போட்டுருந்ததுதான்னு சொன்னேன். அங்கிட்டே கொள்ளி வச்சிட்டு, குளிச்சிட்டு, பஸ் ஏறி வந்துட்டேன்."

"வீட்டுல சொல்லலையா?"

"வயித்துப்புள்ளக்காரிகிட்டக் கேதம் சொல்லலாமாங்க, சாவுச் சேதியைத் தாங்குமா? அதுக்கு ஏற்கனவே ஒண்ணு கலைஞ்சு போயிருந்துச்சு. அதான் சிங்கப்பூர் போயிட்டான், எங்கிட்டப் பேசுனான்னு ஒரு பொய்யைச் சொன்னேன். புள்ள பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். பச்ச ஒடம்பு, பால் வத்திரும்னாக. இந்தா சொல்லிருவோம், அந்தா சொல்லிருவோம்னு இருக்கையில, சித்திரையில மருமகளே வந்து இந்த லைட்டைக் காட்டுச்சு. 'மாமா, அவரு எங்கூட இதுலதான் பேசுறாரு'ன்னுச்சு."

கிழவரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கவியரசனால் பார்க்க முடியவில்லை.

"அது படிச்ச புள்ள. மெஷினு பொய் சொல்லுமா? அப்ப நான் வேற யாரு புள்ளைக்கோ கொள்ளி வச்சிருக்கேன். அந்த மோதிரம் ஆயிரம் பேரு போட்டுருப்பான். இருங்க, இன்னொண்ணும் இருக்கு." எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. "அந்தப் பொணத்துக்கிட்டக் கெடந்துச்சு. மோதிரத்தோட இதையும் எங்கிட்டக் குடுத்துட்டாக. தொறந்து பாருங்க, சின்னப்புள்ள வளையலு! எம்மகனுக்கு அப்பப் புள்ளையே பொறக்கல. அவன் எதுக்கு இதை வாங்கப் போறான்? அந்தப் பையன் வீட்டுல ஒரு பொட்டப்புள்ள இருந்துருக்கும், பாவம். நீங்க துப்பறியறவுகதான? அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிச்சு இதைச் சேத்துருங்க. அவுகளுக்குக் கேதம் சொல்ல ஆளில்லாமப் போயிருக்கும்."

டப்பாவுக்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். பாதி உடைந்திருந்தன. உடையாததில் ஒன்றைக் கவியரசன் எடுத்துப் பார்த்தார். தன் பெருத்த விரல்கள் இரண்டு அதற்குள் நுழைந்ததும் அது இறுகிப் போனது. அவர் இளமதியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் பேசப் போவதில்லை.

"பெரியவரே" என்றார் கவியரசன். "உங்க மருமக கையைப் பாத்துருக்கீங்களா?"

"மருமக கையை மாமனார் எதுக்குங்க ஏறிட்டுப் பாக்கணும்?"

"சின்னக் கை. சின்னப்புள்ள வளையல்தான் சேருமாம். வளைகாப்புக்கு அவரே வாங்கிட்டு வாரேன்னு சொன்னாராம்."

குழந்தைசாமி டப்பாவைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அவர் கை அந்தப் பச்சை விளக்கைக் காட்டியது. "அப்ப அது?"

"நீங்க சொன்ன சேதிதான் ஐயா" என்றாள் இளமதி மெல்ல. "மகன் இருக்கான்னு நீங்க அவங்களுக்குச் சொன்னீங்க. அதைத்தான் அவங்க உங்களுக்குத் திருப்பிக் காட்டிருக்காங்க. நடுவுல அவர் எங்கேயும் இல்ல."

கிழவர் அழவில்லை. முதல் தடவை மகனைப் பறிகொடுத்தபோது பஸ் ஏறி வந்தவர், இரண்டாம் தடவையும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லிப்புடாதீங்க. கேதம் நான் சொல்லணும். அன்னிக்கே சொல்லிருக்கணும்."

மூவரும் காரில் அன்னவாசலுக்குத் திரும்பினார்கள். கவியரசனுக்கு வாய் இருந்ததே மறந்து போயிருந்தது.

வெயில் தாழ்ந்திருந்தது. சத்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்ன மாமா, சொல்லாம வந்துருக்கீங்க? உள்ள வாங்க."

குழந்தைசாமி உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கேதம் சொல்ல வருகிறவர் அப்படித்தான் நிற்பார். அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த நிற்பின் அர்த்தம் தெரியும். சத்யா ஓரடி பின்னால் போனாள்.

"மாமா, வேணாம்."

"ஆத்தா, எம்மகன் தவறிட்டான். கார்த்திகையில. ஒன் வளைகாப்புக்கு வாரப்ப, பஸ்ஸு எரிஞ்சு தவறிட்டான். நான்தான் கொள்ளி வச்சேன்."

இளமதி குழந்தையை வாங்கிக்கொண்டாள். சத்யா சுவரைப் பிடித்தபடி ஃப்ரிட்ஜ் மேல் இருந்த விளக்கைப் பார்த்தாள். "லைட் எரியுதே" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்தாள்.

"நான்தான் போட்டேன் மாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ஒங்ககிட்ட மட்டும் பேசுறாருன்னா, என்னைய வேணாம்னுட்டுப் போயிட்டாருன்னுதானே நெனைப்பேன்? நீங்க சோறு தண்ணியில்லாம உருகிக்கிட்டுக் கெடந்தீங்க. அவரு என்னைய விட்டுட்டாருன்னு தெரிஞ்சுதான் உருகுறீங்கன்னு நெனச்சேன். எங்கூடப் பேசுறாருன்னு தெரிஞ்சா தேறிருவீங்கன்னுதான் அந்த விதியை எடுத்துட்டு, எங்கிட்ட அவரு இருக்காருன்னு பொய்யாப் போட்டேன். அந்தப் பொய்யை ஒரு வாரத்துல எடுத்தும் விட்டுட்டேன்."

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினாள். "எடுத்தப்பறமும் எரிஞ்சுச்சு மாமா. ஒங்க வீட்டு வழியா வாராருன்னு காட்டுச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியும். அவரே பேப்பர்ல வரைஞ்சு வரைஞ்சு எனக்குச் சொல்லிக் குடுத்த பாடம். நான் போட்ட பொய்தான் ஒங்ககிட்டப் போயிட்டு எங்கிட்டயே திரும்பி வருதுன்னு தெரியும். தெரிஞ்சும் நம்புனேன். ஒங்க மொகம் அம்புட்டுச் சந்தோஷமா இருந்துச்சு, அதையும் சேத்து நம்புனேன்."

குழந்தைசாமி தகர டப்பாவைப் படியில் வைத்து, அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் திறந்தாள். உடையாத வளையல் ஒன்றை எடுத்து, விரல்களைக் குவித்து, உள்ளே விட்டாள். சோப்பு போடாமல், இழுக்காமல், வலிக்காமல் அது மணிக்கட்டுக்குப் போய் நின்றது.

"விட்டுட்டுப் போகலல்ல மாமா?" என்று கேட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பதுபோல.

"இல்ல ஆத்தா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். எத்தனை மாதத்து அழுகையோ, தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். கிழவரும் அப்போதுதான் படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். குழந்தை விழித்துக்கொண்டது. கவியரசன் அதை வாங்கி, பஸ் குலுங்குவதுபோல் மெதுவாகக் குலுக்கியபடி தெருவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது குழந்தையின் தலையில் விழ, அதை அவசரமாகத் துடைத்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன் சத்யாவே எழுந்தாள். லேப்டாப்பைத் திறந்து, இரண்டு பெட்டிகளிலும் அவன் விதியைத் திரும்பப் போட்டாள். வளையல் கீபோர்டில் இடித்துச் சத்தம் போட்டது. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கியது, பிறகு அணைந்தது.

கவியரசனின் ஃபோன் அடித்தது. குணசேகரன்.

"லைன் கண்ணாடி மாதிரி ஓடுதுய்யா! என்ன பண்ணுனீங்க? ஆளு கெடைச்சானா, இல்ல ஓடிட்டானா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ சுடச்சுடப் பதில் கொடுத்த வாய் அது. கவியரசன் தோளில் தூங்கிப்போன குழந்தையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கெடைச்சிட்டாருங்க. அவரு எங்கயும் ஓடல. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்துருக்காரு."